வண்டிக்கு ஒரு படகு மூக்கு

பிப்ரவரி 9, திங்கள்

இன்று பாலத்தில் காற்று என்னைச் செமத்தியாக அடித்தது. கன்னத்தில் அடித்தது, நெஞ்சில் குத்தியது, கழுத்தைப் பிடித்து நெரித்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் பெரிய பெரிய ஆட்களிடம் அடி வாங்கியிருக்கிறேன். கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் இப்படி மூச்சு வாங்காமல் அடிக்கும் ஆளைப் பார்த்ததில்லை.

அடி என்று எழுத இரண்டே எழுத்து. வாங்குவதைவிட எழுதுவது சுலபம். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது! இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருக்கும் என்று யார் நினைத்தது?

என் பொண்டாட்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புவார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், அடுத்ததும் தவறினால் நெஞ்சில் நீர் ஏறி மூச்சு நின்றுவிடும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறாள். மெஷின் ஓடும்போது அவளுக்கு ஒரு கைதான் அசையும். அந்தக் கையில் பென்சிலைப் பிடித்துத்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். "இத்தனை வருஷம் மூட்டை மேல எழுத்தைச் சுமந்தீங்களே, என்னன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்தீங்களா?" என்று திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

போன வாரம்வரை பஸ்ஸில் போனோம். துறைமுகத்தில் புது மெஷின் இறக்கிப் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பாதியும் சேர்ந்து வேலையை நிறுத்திவிட்டுப் பாலத்து முனையில் உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள். எலும்புக்கூடு இன்னும் அங்கேதான் நிற்கிறது. இனி என் பழைய மோட்டார் சைக்கிள்தான்.

ரத்தம் கழுவிய பிறகு அவளுக்குக் குளிர் நடுக்கும். அந்த நடுக்கத்தோடு பாலத்தில் வந்தாள். தலையில் கட்டிய துணியின் முனை அவிழ்ந்து சாட்டை மாதிரி அவள் முகத்தையே வழி முழுக்க அடித்துக்கொண்டு வந்தது. வீட்டில் இறங்கும்போது கன்னத்தில் சிவப்புக் கோடு.

பிப்ரவரி 10, செவ்வாய்

கை வலிக்கிறது. வண்டி ஓட்டியதால் இல்லை. எழுதியதால்.

பிப்ரவரி 11, புதன்

பாலத்து முனையில் போலீஸ்காரர்கள் ஒருவனைக் கீழே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஈர மூட்டையைத் தரையில் போட்டால் அப்படித்தான் கேட்கும். ஒருவன் தடி முறிந்தது. அவன் பக்கத்தில் இருந்தவனிடம் கையை நீட்டினான், இன்னொரு தடியைக் கொடுத்தார்கள். நான் வண்டியை நிறுத்தவில்லை. பின்னால் அவள் இருந்தாள்.

திரும்பி வரும்போது காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக் கைப்பிடிச் சுவர்வரை கொண்டுபோய்விட்டது. ஊசி குத்திய கையால் அவள் எதையும் பிடிக்கக் கூடாது. ஒற்றைக் கையால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இறங்கியதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே என்னால முடியாதுங்க. மெஷின் பொழைக்க வெக்குது, காத்து சாகடிக்குது. ரெண்டும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், நான் வீட்லயே இருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிப்ரவரி 12, வியாழன்

பிசினைப் பார்க்கப் போனேன். ஆற்றங்கரைக் கொட்டகையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். நகக்கண்ணில் எப்போதும் பிசின் ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பேர். நாற்பது தாண்டியவன். சொந்தமில்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவான்.

நேற்றுப் பாலத்தில் அடிபட்டது அவன் அண்ணனாம். மூட்டை தூக்குகிறவன். வலது கண் போய்விட்டது. பிசின் அதைச் சொல்லும்போது ஒரு படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் ஓட்டையே போட்டுவிட்டான்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "காத்தை வெட்டணும், அவ்வளவுதானே மாமா? இதுக்கு ஃபேரிங்னு பேரு. வேகமா போற வண்டிக்கெல்லாம் முன்னாடி வெச்சிருப்பான். படகுக்கும் அதுதான் வேலை. அது தண்ணியை வெட்டுது, இது காத்தை வெட்டும்" என்றான். மூலையில் ஒரு உடைந்த படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முன்மூக்கைத் தட்டிக் காட்டி, "இது மேல அச்சு எடுத்துடலாம்" என்றான்.

அவளிடம் சொன்னேன். "வண்டிக்கு மூக்கு ஒட்டப் போறீங்களா? உங்களுக்கே ஒண்ணு ஒட்டச் சொல்லுங்க, இருக்கிறது சப்பையா இருக்கு" என்றாள். துறைமுகத்துச் சண்டையில் உடைந்த மூக்கு அது. அப்படிச் சப்பையான பிறகுதான் இவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

மோட்டார் சைக்கிள்களை மட்டும் விடுகிறார்கள். மறியலுக்குத் தலைவன் மொட்டை. என்னோடு மூட்டை தூக்கியவன், எனக்குச் சின்னவன். எரியும் டயருக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியோடு நின்றான்.

"அண்ணி எப்படி இருக்காங்கண்ணே?"

"நீ போடுற புகையைக் குடிச்சுக்கிட்டு சவுக்கியமா இருக்கா."

அவன் சிரிக்கவில்லை. குறுக்கே போட்டிருந்த கட்டையை நகர்த்தச் சொன்னான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டு நாளும் கொட்டகையில்தான் கிடந்தேன். படகு மூக்கில் மெழுகு தடவி, வெள்ளைப் பூச்சுப் பூசி, கண்ணாடி நார் விரிப்பைத் துண்டு துண்டாக வைத்து, மேலே பிசினைத் தோய்த்துத் தோய்த்துக் குத்த வேண்டும். அந்த நார் தோலுக்குள் போய்விட்டால் உடம்பு முழுக்க எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். நான் கெட்டிப்படுத்தும் மருந்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். டப்பா கொதித்துப் புகைந்து கையைச் சுட்டது. "மாமா, இது என்ன பாயசமா, தாராளமா ஊத்த?" என்று டப்பாவை எட்டி உதைத்தான் பிசின்.

விளக்குக்கு ஓட்டை வெட்டினோம். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடு காட்டி வளைத்துக் கண்ணாடி மாதிரி வைத்தோம். எல்லாவற்றையும் சேர்த்துக் கைப்பிடியில் மாட்டினோம். தள்ளி நின்று பார்த்தேன். என் கிழட்டு வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பிப்ரவரி 16, திங்கள்

செத்துப் பிழைத்தோம். மூக்கைக் கைப்பிடியில் மாட்டியது தப்பு. பாலத்தில் ஏறியதும் காற்று மூக்கைப் பிடித்துத் திருகியது. மூக்கோடு கைப்பிடி திரும்பியது, கைப்பிடியோடு வண்டி திரும்பியது. எதிரே ஒரு போலீஸ் லாரி. அதன் சக்கரம் என் முழங்காலைத் தடவிக்கொண்டு போனது, பேன்ட் கிழிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி மூக்கைக் காலால் நாலு உதை உதைத்தேன். அது கிண் என்று சத்தம் போட்டதே தவிர உடையவில்லை. நல்ல சாமான்தான். கோபத்திலும் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

கைப்பிடியிலிருந்து கழற்றி வண்டியின் எலும்பிலேயே இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிட்டோம். இனி கைப்பிடி திரும்பினாலும் மூக்கு திரும்பாது. வண்டி போகும் பக்கம் மட்டும்தான் பார்க்கும்.

பிப்ரவரி 18, புதன்

இன்று ராஜா மாதிரி ஓட்டினேன். ஒரு சொட்டுக் காற்று இல்லை! சட்டைக் காலர்கூட அசையவில்லை. பாலம் முழுக்கப் பாடிக்கொண்டே போனேன். பின்னால் அவள் ஒன்றும் பேசவில்லை. சுகமாக வருகிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவளைப் பார்த்தால் முகம் சாம்பல். உதடு வெடித்து ரத்தம். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தலைத்துணி எங்கேயோ ஆற்றில் போய்விட்டது.

"பாட்டு நல்லா இருந்துச்சு" என்றாள். "காத்து உங்களைத் தாண்டி வந்து எல்லாத்தையும் எனக்கே குடுத்துடுச்சு. உங்க பங்கு, என் பங்கு ரெண்டும்."

எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அவளுடைய இருக்கை என்னுடையதைவிட உயரம். கண்ணாடி தூக்கி எறிந்த காற்று நேராக அவள் முகத்துக்குத்தான் போயிருக்கிறது. யாருக்காகச் செய்தேனோ அவளை வழி முழுக்க அடிக்க விட்டுவிட்டு நான் பாடிக்கொண்டு போயிருக்கிறேன். எவ்வளவு பெரிய மடையன்.

பிப்ரவரி 19, வியாழன்

பிசின் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "முன்னாடி மொத்தமா அடைச்சா பின்னாடி சுழிக்கும் மாமா. படகுக்குப் பின்னாடி தண்ணி சுழிக்குமே, அப்படி. கொஞ்சம் காத்தை உள்ள விடணும். நீங்க கொஞ்சம் வாங்கிக்கிட்டாத்தான் அத்தைக்குக் குறையும்" என்றான்.

கண்ணாடிக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய் வெட்டினான். மேல் விளிம்பில் ஒரு உதடு ஒட்டினான், காற்று அவள் தலைக்கும் மேலே போக. அவள் உட்காரும் உயரத்துக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்துக் குச்சியால் அளந்தான்.

அவன் கையில் எப்போதும் வரும் பிசின் வாசனை. சட்டையில் மட்டும் டயர் புகை வாசனை. அவனாகவே சொன்னான். "அண்ணன் கண்ணுக்குப் பதில் வேணும் மாமா. பகல்ல இங்க, சாயங்காலம் பாலத்துல. கல்லு எறியறதுல என்னை மிஞ்ச ஆள் இல்ல. சின்ன வயசுல ஆத்துல தவளைக்கல்லு விட்டுப் பழகின கை."

பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். "வெள்ளையாவே இருக்கட்டும். புகையிலயும் தூரத்துலயிருந்து தெரியும். வெள்ளை மூக்கைப் பாத்தா வழி விடுங்கன்னு நம்ம ஆளுங்ககிட்ட சொல்லி வெச்சுடறேன்."

பிப்ரவரி 20, வெள்ளி

தூங்கிவிட்டாள்! பாலத்தில், வண்டியில், என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்! எனக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று அடித்தது. அடிக்கட்டும். அவள் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டது. வண்டியை மாட்டு வண்டி மாதிரி மெதுவாக ஓட்டினேன், பாலம் முடியக் கூடாது என்று.

பிப்ரவரி 22, ஞாயிறு

லாக்கப்பில் இருந்த துறைமுகத்து ஆள் ஒருவன் செத்துவிட்டான். ஊர் கொதிக்கிறது. ஆம்புலன்ஸ் ஒன்றைக் கவிழ்த்துவிட்டார்கள், உள்ளே போலீஸ் ஒளிந்து வருகிறது என்று யாரோ சொன்னார்களாம். டிரைவருக்கு மண்டை உடைந்தது. கடைகள் ஷட்டரை இழுத்துவிட்டன.

பிசின் வாசலில் வந்து நின்றான். "நாளைக்கு வராதீங்க மாமா."

"நாளைக்கு அவளுக்கு முறை."

அவன் வெள்ளை மூக்கைத் தட்டிப் பார்த்தான். "சரி. வெள்ளையைப் பாத்தா விட்டுடுவாங்க. நானும் அங்கதான் இருப்பேன்" என்றான்.

பழைய மூட்டைக் கொக்கியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நுனி இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

கிளம்புகிறோம். மூக்கைத் துடைத்துவிட்டேன். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கிறது.

பிப்ரவரி 25, புதன்

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். இது இடது கை. எழுத்து நொண்டுகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

வலது தோள்பட்டை எலும்பு இரண்டாகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. அவள் திரும்பவும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், இடது கைக்கு. ஒரு மனுஷனுக்கு எழுதக் கற்றுக்கொள்ளும் சந்தோஷம் இரண்டு தடவை கிடைப்பது லேசா? மெதுவாக எழுதுகிறேன். நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும்.

பாலத்து முனையில் கறுப்புப் புகை. ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனேன். புகைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். தூரத்தில் கூட்டம் நின்றது. வழி விடுவார்கள் என்று நினைத்துக் கையைக்கூடத் தூக்கினேன்.

ஒரு கல் வந்தது. நான் அதைப் பார்த்தேன். நிதானமாக, சுழன்றுகொண்டு, குறி தப்பாமல் வந்தது. கண்ணாடித் தகடு வெடித்தது. கல் தகட்டில் வேகத்தை விட்டுவிட்டு என் தோளில் உட்கார்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. தகடு இல்லாமல் இருந்தால் முகத்தில் பட்டிருக்கும்.

வண்டி சாய்ந்தது. அவள் என் மேல் விழுந்தாள். விழும்போதுகூட ஊசி குத்தும் கையைக் கொடி மாதிரி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கை போனால் மெஷின் இல்லை என்று. கூட்டம் ஓடி வந்தது. கம்பிகள் வந்தன. முதல் அடி மூக்கில் விழுந்து அது பிளந்தது. இரண்டாவது உதை என் விலாவில். நான் இடது கையால் கொக்கியை எடுத்து வீசினேன். ஒருவன் தொடையில் மாட்டிக் கிழிந்தது. அவன் அலறினான். எனக்கு அது இனிமையாக இருந்தது. பொய் எழுதக் கூடாது. இன்னொருவன் வந்திருந்தால் அவனையும் கிழித்திருப்பேன்.

அப்போதுதான் பிசின் குரல். "நிறுத்துங்கடா! மாமா வண்டிடா! நான் செஞ்ச வண்டிடா!" ஓடி வந்து எங்கள் மேல் குப்புற விழுந்தான். கம்பிகள் நிற்கவில்லை. இறங்கிய கை சட்டென்று நிற்காது, எனக்குத் தெரியும். எல்லாம் அவன் முதுகில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவன் நெஞ்சு எங்கள் மேல் அழுந்தியது. காது கிழிந்து ரத்தம் என் வாயில் சொட்டியது. உப்பு.

மொட்டை வந்து நாலு பேரை அறைந்து தள்ளிய பிறகுதான் நின்றது.

"அண்ணே, போலீஸ்னு நெனச்சுட்டோம்" என்றான். அன்று காலையில் போலீஸ்காரர்கள் கண்ணாடி வைத்த பெரிய வெள்ளை மோட்டார் சைக்கிள்களில் வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்ப வருவார்கள் என்று கல்லோடு காத்திருக்கிறார்கள். புகைக்குள்ளிருந்து விளக்கு, கண்ணாடி, வெள்ளை மூக்கு. வேறு யாராக இருக்கும்?

"ஏண்டா, போலீஸ்காரன் பொண்டாட்டியைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டா அடிக்க வருவான்?" என்று கத்தினேன்.

பிசின் எழுந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தினான். மூக்கில் பாதி தொங்கியது. "அத்தை, ஏறுங்க" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். போ என்றேன். போய்விட்டார்கள்.

மொட்டை என் தோளைக் கோணித் துணியால் கட்டினான். பிறகு மூட்டை தள்ளும் கைவண்டியில் என்னை உட்காரவைத்துப் பாலத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனான். வாழ்நாள் முழுக்க மூட்டையைத் தள்ளியவன் அன்று நானே மூட்டை. வழி முழுக்க அவள் போய்ச் சேர்ந்தாளா என்பது ஒன்றுதான் என் தலைக்குள். வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் அவள் ரத்தம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"சட்டையெல்லாம் ரத்தம். வீட்ல யார் துவைக்கிறது?" என்றாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

புதன், வெள்ளி இரண்டு முறையும் பிசின்தான் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். காதில் தையல். பாதி மூக்கோடு வண்டி பல் விழுந்த கிழவன் மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை இனி தொடக் கூடாது என்று மொட்டை சொல்லிவிட்டானாம்.

நல்லவன் பிசின். என் பிள்ளை இருந்தாலும் இப்படி மேலே விழுந்து அடி வாங்கியிருப்பானா?

பிப்ரவரி 28, சனி

வந்தான். உட்கார் என்றேன், உட்காரவில்லை. "மாமா, மொதக் கல்லு நான்தான் விட்டேன்" என்றான்.

ஐயோ. அவனா! அந்தக் கையா! அச்சு எடுத்து, நாரை ஒட்டி, அவ உக்கார்ற உயரத்தைக் குச்சி வெச்சு அளந்த அந்தக் கையா! அவனே வெள்ளையா இருக்கட்டும்னு சொன்னான். அவனே அடிச்சான். வெளிய போடான்னு கத்தினேன். செம்பைத் தூக்கி எறிஞ்சேன், சுவத்துல பட்டுச்சு. அவ செத்திருந்தா? அந்தக் கல்லு ஒரு சாண் மேல வந்திருந்தா? வெட்டிப் போடணும் அவனை. அவன் விரலை ஒண்ணொண்ணா —

எழுத முடியவில்லை.

அவளுக்கு முன்பே தெரியுமாம். "உங்க தோளுக்கு மேலதானே நான் பாத்துக்கிட்டு வர்றேன். அவன் கை ஓங்கினதைப் பாத்தேன். எறிஞ்ச அப்புறம்தான் அவனுக்கு அடையாளம் தெரிஞ்சுச்சு, அந்த முகத்தையும் பாத்தேன்" என்றாள்.

"தெரிஞ்சுமா அவன் பின்னாடி உக்காந்து போன?"

"வேற யார் பின்னாடி போறது? ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் முதுகு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. காத்து அடிச்சதையே நான் மறந்துட்டேன்."

"நாளை கழிச்சு என் முறை. யார் ஓட்டப் போறா? உங்க கோவமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

கொக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாமல்தான் போனேன்.

பிசின் என்னைப் பார்த்தான், கொக்கியைப் பார்த்தான். வலது கையை மேசைமேல் வைத்து விரித்தான். "அடிங்க மாமா."

அங்கே அவன் அண்ணன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான், கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மீதி இருந்த ஒற்றைக் கண்ணால் என் கையையே பார்த்தான். எழுந்து வரவில்லை.

கொக்கியை ஓங்கினேன். மேசையில் அடித்தேன். பலகையில் இறங்கி நின்றுவிட்டது, பிடுங்க வரவில்லை. ஆத்திரம் தீராமல் இடது கையாலேயே அவனை ஓங்கி அறைந்தேன். என் முறிந்த எலும்பு எனக்கே திருப்பி அடித்தது. "அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டேன். அவன் பதறி என்னைப் பிடித்தான். தையல் போட்ட காதிலேயே அறை விழுந்திருக்கிறது, அவனுக்கும் கண்ணில் தண்ணீர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அவன் அண்ணன்.

"நாளைக்கு அவளுக்கு முறை" என்றேன்.

"வந்துடறேன்" என்றான்.

கொக்கி இன்னும் அந்தப் பலகையில்தான் நிற்கிறது. நான் கிளம்பும்போதே பிசின் அதில் பிரஷ்ஷை மாட்டிவிட்டான்.

மார்ச் 5, வியாழன்

போலீஸ் வந்தது. வாசலில் இரண்டு வெள்ளை வண்டிகள். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

"யாரு கல்லு விட்டதுன்னு சொல்லுங்க பெரியவரே. ஒரு பேரு போதும்."

ஒரு பேர் என்றால் ஒரு கண். எனக்கு அந்த ஈர மூட்டைச் சத்தம் கேட்டது. அடுப்படியில் அவள் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் நின்றுவிட்டது.

"காத்துங்க சார்."

"காத்துல கல்லு வருமா?"

"அந்தப் பாலத்துக் காத்து உங்களுக்குத் தெரியாது சார். நீங்க கண்ணாடி வெச்ச வண்டியில போறீங்க."

பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டார். மை டப்பாவைத் திறந்து என் கட்டை விரலைப் பிடித்தார். விரலை இழுத்துக்கொண்டேன். "எழுதுவேன் சார்" என்றேன். இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, என் பேரை முழுதாக எழுதினேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் கையெழுத்து. போட்டது ஒரு பொய்க்குக் கீழே. இருந்தாலும் நல்ல வடிவாக வந்தது.

மார்ச் 14, சனி

துறைமுக வேலைநிறுத்தத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. பிசினின் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு கப்பல் படியில் ஏற விட மாட்டார்களாம். பிசினோடு சேர்ந்து படகு தேய்க்கிறான்.

மூக்கைப் புதிதாகச் செய்தார்கள். வாய் வெட்டி, உதடு வைத்து, அதே அச்சில். நிறத்தை அவள் சொன்னாள். கத்தரிப்பூ நிறம். "உலகத்துல எந்தப் போலீஸ்காரனும் இந்தக் கலர்ல வண்டி ஓட்ட மாட்டான்" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

எலும்பு இன்னும் சேரவில்லை. அவளைப் பிசின் வண்டியில் கூட்டிப்போனான். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது, நான் அதில் பின்னாலேயே போனேன். எரிந்த பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் தார் உருகிக் குழியாகி இருக்கிறது, பஸ் அதில் இறங்கி ஏறியது.

பாலத்தின் நடுவில் காற்று பஸ்ஸையே உலுக்கியது. ஜன்னல் எல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டன. முன்னால் ஒருவர் தொப்பி பறந்து வெளியே போனது. அப்போது பக்கத்தில் கத்தரிப்பூ மூக்கு எங்களைத் தாண்டிப் போனது. முன்னால் பிசின், சட்டை படபடக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் அவள்.

ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவள் தலைத்துணியின் முனை தோளில் கிடந்தது. அசையவே இல்லை.